தெரிந்த பாட்டில் வெளிப்படும் புதிய குரல்

ஜான் கோல்ட்ரேன் என்ற அமெரிக்க சாக்ஸபோன் மேதை 1959-இல் பதிவுசெய்த ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ என்ற இசைக்கோவையை, ஜாஸ் பயில்வோர் தங்கள் தேர்ச்சியைச் சோதித்துக்கொள்ள இன்றும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் கடினம் வேகத்தில் மட்டும் அடங்கியதன்று. ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் அமைந்த மூன்று சுருதி மையங்களுக்கிடையே அது ஓயாமல் இடம்பெயர்ந்துகொண்டே இருப்பதால், வாசிப்பவருக்கு நின்று மூச்சுவிட இடம் கிடைப்பதில்லை. கர்நாடக சங்கீதமோ, தம்பூராவில் ஒலிக்கும் ஆதார சட்ஜத்தை வர்ணம் முதல் மங்களம் வரை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அந்த ஒரே நிலையிலிருந்து ராகங்களை விரிக்கும் கலை. இவ்வளவு எதிரெதிரான இலக்கணங்கள் கொண்ட இரண்டு மரபுகள் ஒரே தொண்டையில் சந்தித்தது பெங்களூரில். சாக்ஸபோனுக்கென்று பிறந்த அந்தக் கோவையை வாரிஜஸ்ரீ வேணுகோபால் என்ற இளம் பாடகி ஸ்வரப் பெயர்களைச் சொல்லியே வாய்ப்பாட்டாகப் பாடிய காணொளி இணையத்தில் பரவியபோது, அவரை அதுவரை அறிந்திராத ஜாஸ் ரசிகர்களும் அவர் குரலின் வலிமையை உடனே உணர முடிந்தது; பாட்டின் ஒவ்வொரு திருப்பமும் எங்கே வரும் என்பது அவர்களுக்கு முன்பே மனப்பாடமாகத் தெரியும்.

ஒருவர் முன்பே வெளியிட்ட பாட்டை மற்றொருவர் தம் குரலில் மீண்டும் பாடிப் பதிவிடுவதே கவர் பாடல் எனப்படுகிறது. கைப்பேசியும் மலிவான இணையமும் பரவலான பிறகு இந்தியாவில் ஒரு புதிய குரல் மக்களைச் சென்றடையும் முதல் வாசலாக இது மாறிவிட்டது. பெங்களூரையும், அதிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிருஷ்ணகிரியையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்த்தால், அந்த வாசலைக் கடந்து உள்ளே வருபவர்களுக்குப் பின்னர் என்ன நேர்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும்.

தெரிந்த பாட்டே அளவுகோல்

முன்பின் அறியாத பாடகர் முன்பின் கேட்டிராத பாட்டைப் பாடும்போது, கேட்பவரின் செவி இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்யவேண்டியிருக்கிறது: பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதையும், குரல் நன்றாக இருக்கிறதா என்பதையும் அது தனித்தனியே பிரித்தறிய வேண்டும். பாட்டு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தால் முதல் வேலை மறைந்துவிடுகிறது. அசல் பாடகர் எங்கே மூச்சு எடுத்தார், சரணத்தின் உச்ச ஸ்தாயியில் எந்தச் சொல்லை அழுத்தினார், எந்த இடத்தில் ஒரு கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் நுட்பத்தை, வைத்தார் என்பதெல்லாம் கேட்பவரின் நினைவில் பதிந்திருப்பதால், புதிய குரல் எங்கே பின்தங்குகிறது, எங்கே முந்துகிறது என்பது சில நொடிகளிலேயே புலப்படுகிறது. வலிமையான குரல் என்பது உரக்க ஒலிக்கும் குரல் என்று பொருள்படாது. மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் தன் நிறம் மாறாமல் இருப்பதும், நீண்ட வரியின் கடைசி எழுத்துவரை மூச்சு தளராமல் இருப்பதும், ஒலியைக் குறைக்கும்போது சுருதி இறங்காமல் இருப்பதுமே வலிமை. இந்த மூன்றையும் சோதிக்க, ஏற்கெனவே தெரிந்த பாட்டைவிடச் சிறந்த கருவி இல்லை.

தென்னிந்திய இசை ரசிகருக்கு இது பழகிய வழியும்கூட. கர்நாடகக் கச்சேரியில் பாடப்படுவதில் பெரும்பகுதி தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி, புரந்தரதாசர் போன்ற வாக்கேயக்காரர்கள், அதாவது சொல்லையும் இசையையும் தாமே அமைத்தவர்கள், விட்டுச்சென்ற உருப்படிகளே. ஒரே கீர்த்தனையைப் பத்து வித்வான்கள் பாடக் கேட்டு, யாருடைய சங்கதி எப்படி என்று பேசும் பழக்கத்தில் வளர்ந்த செவி, இணையத்தில் கவர் பாடலைக் கேட்கும்போதும் அதே ஒப்பீட்டு முறையைத்தான் கையாள்கிறது. சென்னையைச் சேர்ந்த கர்நாடக இசைப் பாடகி சிவஸ்ரீ ஸ்கந்தபிரசாத், 1974-இல் வெளியான ‘எரடு கனசு’ என்ற கன்னடப் படத்தில் எஸ். ஜானகி பாடிய ‘பூஜிசலெந்தே ஹூகள தந்தே’ பாட்டைப் பாடிய காணொளி 2024 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடியின் சமூக ஊடகப் பக்கத்தில் பகிரப்பட்டபோது, கன்னடர்கள் அதை ரசித்த விதத்தில் அந்த ஒப்பீட்டுச் செவியைக் காணலாம். ஐம்பது ஆண்டுகளாக ஜானகியின் குரலில் நெஞ்சில் தங்கியிருந்த பாட்டு அது. தமிழ்நாட்டுப் பாடகி ஒருவர் அதை உச்சரிப்புப் பிசகாமல் பாடினார் என்பதே அவர்களைக் கவர்ந்தது.

மேடைகளும் கேசட்டுகளும்

கண்டெடுப்பு என்பது இணையத்தோடு பிறந்ததன்று. சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடிக்கொண்டிருந்த கே.பி. சுந்தராம்பாளை, ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எஃப்.ஜி. நடேச அய்யர் கேட்டு நாடக மேடைக்குக் கொண்டுவந்தார் என்று சுந்தராம்பாளின் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. டி.எம். சௌந்தரராஜன் 1950-இல் வெளியான ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாணியை அப்படியே பின்பற்றிப் பாடியே திரைக்குள் நுழைந்தார்; தமக்கென்று ஒரு குரல் அடையாளத்தை அவர் அமைத்துக்கொண்டது அதற்குப் பின்னர்தான். 1980-களில் டி-சீரிஸ் நிறுவனம் பழைய இந்திப் பாடல்களைப் புதிய பாடகர்களைக் கொண்டு பாடவைத்து மலிவு விலைக் கேசட்டுகளாக வெளியிட்டதும், பின்னர் முகமது ரஃபியின் பாடல்களைப் பாடிய கேசட்டுகள் வழியாகவே சோனு நிகம் வீடுகளுக்குள் அறிமுகமானதும் இந்த வரலாற்றின் அடுத்த கட்டம்.

பெங்களூரில் இதே பணியை மெல்லிசைக் குழுக்கள், மக்கள் வழக்கில் ஆர்கெஸ்ட்ராக்கள், செய்துவந்தன. விநாயகர் சதுர்த்திப் பந்தல்களிலும், நவம்பரில் தெருவுக்குத் தெரு நடக்கும் கன்னட ராஜ்யோத்சவ மேடைகளிலும், தமிழர் மிகுந்த அல்சூர், சிவாஜிநகர் பகுதிகளின் அம்மன் திருவிழாக்களிலும் கன்னடம், தமிழ், இந்தி, தெலுங்கு என்று மாறி மாறிப் பாடவேண்டிய தேவை இருந்ததால், அந்த மேடைகளில் தேர்ந்த பாடகருக்கு நான்கு மொழிகளின் உச்சரிப்பும் நாவில் படிந்துவிடும். கன்னட நடிகர் ராஜ்குமாருக்குக் குரல் கொடுத்த பி.பி. ஸ்ரீனிவாசையும், கன்னடத்தில் பல தலைமுறை நாயகர்களுக்குப் பாடிய எஸ்.பி. பாலசுப்ரமணியத்தையும், எஸ். ஜானகியையும் கன்னடரும் தமிழரும் ஒன்றுபோலத் தங்கள் பாடகர்களாகக் கொண்டாடிய நகரம் இது. அந்தப் பொதுவான செவிதான் இன்று பெங்களூரிலிருந்து பதிவேறும் பன்மொழிக் கவர் பாடல்களுக்கும் அடித்தளம்.

[பெட்டிச் செய்தி] உலகம் கேட்ட கவர் குரல்கள்

கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஜஸ்டின் பீபர் உள்ளூர்ப் போட்டியில் பிறர் பாடல்களைப் பாடியதை அவர் தாய் 2007-இல் யூடியூபில் பதிவேற்றினார். இசைத் துறை முகவர் ஸ்கூட்டர் பிரவுன் அதைத் தற்செயலாகப் பார்த்தார்.

மணிலாவில் பிறர் பாடல்களைப் பாடிவந்த ஆர்னெல் பினெடாவை, அமெரிக்காவின் ‘ஜர்னி’ இசைக்குழுவின் நீல் ஷான் 2007-இல் யூடியூபில் கண்டு, அந்தக் குழுவின் முன்னணிப் பாடகராகவே ஆக்கினார்.

கனடாவில் வளர்ந்த ஜோனிதா காந்தி, பியானோ கலைஞர் ஆகாஷ் காந்தியோடு வெளியிட்ட இந்திக் கவர் பாடல்களால் அறியப்பட்டு, பின்னர் ஏ.ஆர். ரகுமானின் இசையில் பாடினார். தமிழில் ‘மெண்டல் மனதில்’, ‘செல்லம்மா’, ‘அரபிக் குத்து’ ஆகியவை அவர் குரலில் வந்தவை.

இலங்கையின் யொஹானி 2021 மே மாதத்தில் வெளியிட்ட ‘மெனிக்கே மகே ஹித்தே’, 2020-இல் வெளிவந்த சிங்களப் பாட்டின் மறுபாடல்.

பெங்களூர் தந்த பயிற்சி

வாரிஜஸ்ரீயின் காணொளியைக் கண்டவர்களுக்கு அது திடீரென்று தோன்றிய அதிசயமாகப் பட்டிருக்கலாம். 1991-இல் பிறந்த அவர், புல்லாங்குழல் கலைஞரான தந்தை எச்.எஸ். வேணுகோபால், பாடகியான தாய் டி.வி. ரமா ஆகியோரின் வீட்டில் இசையைக் கேட்டே வளர்ந்தவர். ஒன்றரை வயதில் சுமார் 40 ராகங்களையும், நான்கு வயதுக்குள் சுமார் 200 ராகங்களையும் அடையாளம் கண்டவர் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் தெரிவிக்கின்றன. பாட்டோடு புல்லாங்குழலும் பயின்றவர். வாத்தியத்தின் மொழியை வாய்ப்பாட்டாக மாற்றும் திறனுக்கு அந்த இரட்டைப் பயிற்சி துணைநின்றிருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. ஒரு காணொளி அவருடைய பல ஆண்டு உழைப்பை ஒரே நேரத்தில் பலருக்குக் காட்டியது, அவ்வளவே.

அதைவிட முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. ‘ஸ்நார்க்கி பப்பி’ என்ற அமெரிக்க இசைக்குழுவை வழிநடத்தும் மைக்கேல் லீக் தயாரிப்பில் 2024-இல் ‘வாரி’ என்ற அவருடைய தனித் தொகுப்பு வெளிவந்தது. அதே ஆண்டு, ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜேக்கப் கோலியரின் தொகுப்பில் சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கரோடு சேர்ந்து அவர் பங்கேற்ற ‘எ ராக் சம்வேர்’ என்ற பாட்டு, 2025 பிப்ரவரியில் நடந்த கிராமி விருதுகளில் சிறந்த உலக இசை நிகழ்த்துதலுக்கான பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. கோலியரே கவர் பாடல் வழியாக வந்தவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது: ஸ்டீவி வொண்டரின் பாட்டு ஒன்றைப் பல குரல்களாகத் தாமே பாடி இணைத்து 2013-இல் அவர் வெளியிட்ட காணொளிதான் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸின் கவனத்தை ஈர்த்தது. இந்த இருவர் வாழ்விலும் கவர் பாடல் ஒரு கட்டத்தோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. அடுத்த கட்டத்துக்கு அவர்களைக் கொண்டுசென்றவை அவர்களுக்கே உரிய புதிய ஆக்கங்கள்.

பெங்களூரைச் சேர்ந்த மற்றொரு குரல் ராகுல் வெள்ளாளுடையது. சென்னையில் வாழும் இசைக்கலைஞர் குல்தீப் எம். பாய் நடத்திய ‘வந்தே குரு பரம்பராம்’ என்ற யூடியூப் தொடரில், சிறுவனாக இருந்த ராகுலும் கேரளத்தின் சூர்யகாயத்ரியும் சேர்ந்து பாடிய சதாசிவ பிரம்மேந்திரரின் ‘பிபரே ராமரசம்’ உலகெங்கும் உள்ள தென்னிந்தியக் குடும்பங்களில் கேட்கப்பட்டது. நூற்றாண்டுகளாகப் பலர் பாடிவந்த ஒரு கீர்த்தனத்தை இளங்குரல்கள் மீண்டும் பாடியதால், திரைப்பாட்டுக் கவர் போன்ற உரிமைச் சிக்கல் எதுவும் அங்கே எழவில்லை. அந்தத் தொடரின் சிறப்பு, குருவே அருகிருந்து பாடத்தை அமைத்து, எதைப் பாடுவது, எந்த வேகத்தில் பாடுவது, எதை இன்னும் பாடக்கூடாது என்று முடிவுசெய்தது. சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் 1939 முதல் ராமநவமி இசைவிழாவை நடத்திவரும் ஸ்ரீ ராமசேவா மண்டலி, நூற்றாண்டு கடந்த பெங்களூர் காயன சமாஜம் போன்ற அமைப்புகள் இருக்கும் நகரத்தில், இணையத்தில் தோன்றும் இளங்குரலுக்கு நேரடிக் கச்சேரி அனுபவம் எட்டாத தொலைவில் இல்லை. எல்லா ஊர்களுக்கும் இந்த வாய்ப்பு இல்லை.

நொச்சிப்பட்டியிலிருந்து ஒரு குரல்

கிருஷ்ணகிரி மாவட்டத்து நொச்சிப்பட்டியைச் சேர்ந்த, பிறவியிலேயே பார்வையற்ற இளைஞர் திருமூர்த்தியின் கதை அந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. 2019 தொடக்கத்தில் வெளியான ‘விஸ்வாசம்’ படத்தில், டி. இமான் இசையில், தாமரையின் வரிகளில் சித் ஸ்ரீராம் பாடிய ‘கண்ணான கண்ணே’ அந்த ஆண்டு தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் கேட்ட பாட்டு. தந்தையின் தவிப்பைச் சொல்லும் அப்பாட்டை, சித் ஸ்ரீராம் ஒரு ராக ஆலாபனையின் நெகிழ்ச்சியோடு, சொற்களை இழைத்து இழைத்துப் பாடியிருந்தார். பின்னணி வாத்தியங்களின் துணை இல்லாமல் அதைப் பாடுவது, சுருதியைத் தன் நினைவிலேயே பிடித்துவைத்துக்கொள்ள வேண்டிய கடுமையான சோதனை. திருமூர்த்தி அதைப் பாடிய கைப்பேசிக் காணொளி 2019 செப்டம்பரில் பரவியபோது, அதைப் பார்த்த இமான் அந்த இளைஞரின் தொடர்பைத் தெரிவிக்குமாறு சமூக ஊடகத்தில் பொதுமக்களிடம் கேட்டார். தகவல் கிடைத்தது. 2020-இல் வெளியான ‘சீறு’ படத்தில் ‘செவ்வந்தியே’ என்ற பாட்டு திருமூர்த்தியின் குரலில் ஒலித்தது.

இமான் செய்தது பாராட்டு மட்டுமன்று என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். பரவலான ஒரு காணொளியைப் பகிர்ந்து வாழ்த்துவதற்கு எந்தச் செலவும் இல்லை. ரசிகர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு திரைப்படத்தின் பாட்டை, ஒலிப்பதிவுக் கூடத்தை முன்பு அறியாத ஒருவரிடம் ஒப்படைப்பதில் பொறுப்பு இருக்கிறது. கவர் பாடலில் பாடகர் இன்னொருவர் வகுத்த வழியில் நடக்கிறார். புதிய பாட்டில் ஒரு சொல்லை எங்கே அழுத்துவது, எங்கே மூச்சு விடுவது என்று முதன்முதலாகத் தீர்மானிப்பவர் அவரே. குரல் பாடகராக மாறுவது அந்தத் தீர்மானத்தில்தான். 2022-இல் ‘விக்ரம்’ படத்தின் ‘பத்தல பத்தல’ பாட்டைத் திருமூர்த்தி பாடிய காணொளியும் பரவியபோது, கமல்ஹாசன் அவரை நேரில் அழைத்துப் பேசி, ஏ.ஆர். ரகுமான் சென்னையில் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் அவர் பயில வழிசெய்தார். முதலில் ஒரு வாய்ப்பும் பின்னர் ஒரு பயிற்சியும் என்ற வரிசை தலைகீழாகத் தோன்றினாலும், இசைக்குடும்பத்தில் பிறக்காத ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வரிசை இதுவே.

எல்லோருக்கும் இது வாய்ப்பதில்லை. 2018-இல் ‘விஸ்வரூபம்’ படத்தின் ‘உன்னைக் காணாது நான்’ பாட்டைப் பாடிய கேரளத் தொழிலாளி ராகேஷ் உன்னியை அசல் பாடகரான சங்கர் மகாதேவனே தேடிக் கண்டறிந்தார். அந்த அன்பு பெரியது, ஆனால் அந்தப் பாட்டு பரவிய அளவுக்கு நிலையான பாட்டுவாழ்வு அதிலிருந்து உருவாகவில்லை. 2019-இல் மேற்கு வங்கத்தின் ராணாகாட் ரயில் நிலையத்தில் பாடிய ரானு மண்டல் மும்பை ஒலிப்பதிவுக் கூடம்வரை சென்று இமேஷ் ரேஷமியாவின் இசையில் பாடினார். சில மாதங்களிலேயே, அவரைக் கொண்டாடிய அதே ஊடகங்களில் அவர் தோற்றமும் பேச்சும் கேலிக்குள்ளாயின. வறுமையிலிருந்து வந்த ஒரு பெண்ணை உயர்த்திப் பிடித்துவிட்டு, அவர் விழும்போது படம்பிடித்த கூட்டத்தின் நடத்தை மன்னிக்கத்தக்கதன்று. பார்வை எண்ணிக்கை ஒருவரைக் கண்டெடுக்க உதவும். அவரைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பை அது ஏற்பதில்லை.

பாட்டு யாருடையது?

கவர் பாடலைப் பதிவேற்றும் இளைஞர் பெரும்பாலும் அறியாத ஒன்று, ஒரு திரைப்பாட்டில் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன என்பது. பாடலாசிரியரின் வரிக்கு ஓர் உரிமை, இசையமைப்பாளரின் மெட்டுக்கு ஓர் உரிமை, நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, அதில் பாடியவரின் நிகழ்த்துகைக்கு ஓர் உரிமை. கரோக்கே, அதாவது குரல் நீக்கப்பட்ட பின்னணி இசையை, அசல் ஒலிப்பதிவிலிருந்து எடுத்துப் பாடினால் மூன்றாவது உரிமையும் தொடப்படுகிறது. தாமே கிட்டார் வாசித்துப் பாடினால் அது தொடப்படுவதில்லை, ஆனால் வரியும் மெட்டும் அப்போதும் பிறருடையவை.

யூடியூப் 2007 முதல் நடத்திவரும் ‘கன்டென்ட் ஐடி’ என்ற அமைப்பு, உரிமையாளர்கள் முன்கூட்டியே ஒப்படைத்த மாதிரிகளோடு ஒவ்வொரு புதிய காணொளியையும் ஒப்பிட்டு, பொருத்தம் தெரிந்தால் உரிமையாளருக்குத் தெரிவிக்கிறது. அவர் அந்தக் காணொளியைத் தடுக்கலாம்; அல்லது அதை ஓடவிட்டு விளம்பர வருமானத்தைத் தாம் பெறலாம்; அல்லது வெறுமனே கண்காணிக்கலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தால், கவர் பாடிய இளைஞரின் காணொளி எவ்வளவு பேரைச் சென்றடைந்தாலும் அதன் விளம்பரப் பணம் இசை நிறுவனத்துக்கே போகிறது. தகுதிபெற்ற சில கவர் பாடல்களுக்கு மட்டும் பாடியவரோடு வருமானத்தைப் பகிரும் ஏற்பாடு உண்டு. ஆகவே, கவர் பாடலை வருமான வழியாக நம்பும் இளம் பாடகர் தவறான இடத்தில் நம்பிக்கை வைக்கிறார். அது அவருக்கு முகவரிச் சீட்டு மட்டுமே.

[பெட்டிச் செய்தி] சட்டம் சொல்வது

பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு, கவர் ஒலிப்பதிவுகளைப் பற்றியது. அசல் பாட்டு முதன்முதலில் பதிவுசெய்யப்பட்டு ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே, முன்னறிவிப்புக் கொடுத்து, உரிமைத்தொகை செலுத்தி, கவர் ஒலிப்பதிவு செய்யலாம். ஓர் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு உரிய தொகையை முன்பணமாகக் கட்டவேண்டும். அசல் படைப்பில் தொழில்நுட்பத் தேவைக்கு மேற்பட்ட மாற்றம் செய்யக்கூடாது.

அதே 2012 திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் படைப்பு திரைக்கு வெளியே பயன்படும்போது கிடைக்கும் உரிமைத்தொகையில் சம பங்கு பெறும் உரிமையையும் உறுதிசெய்தது.

இந்தச் சட்டம் கேசட்டுகளையும் குறுந்தகடுகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது அதன் மொழியிலேயே தெரிகிறது. பிரதிகளை எண்ணிப் பணம் கட்டும் முறை, விற்பனையே இல்லாத ஒரு கைப்பேசிக் காணொளிக்குப் பொருந்தாது; வெளியான மாதத்திலேயே ஒரு பாட்டைப் பாடிப் பதிவேற்றும் இன்றைய வழக்கத்துக்கு ஐந்தாண்டுக் காத்திருப்பும் பொருந்தாது. திருமூர்த்தி ‘கண்ணான கண்ணே’ பாட்டை ஐந்தாண்டு கழித்துப் பாடியிருந்தால் அந்தக் குரலை யாரும் தேடியிருக்கமாட்டார்கள். நடைமுறையில் இந்தத் துறை சட்டத்தின் அனுமதியால் இயங்கவில்லை. உரிமையாளர்களின் பொறுமையால் இயங்குகிறது, அந்தப் பொறுமை எப்போது வேண்டுமானாலும் முடியலாம். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் ஐம்பதாண்டு இசைவாழ்வைக் கொண்டாடும் அமெரிக்கப் பயணத்தின்போது, 2017 மார்ச்சில், இளையராஜா தம் பாடல்களை மேடையில் பாட அனுமதி பெறவேண்டும் என்று அறிவிப்பு அனுப்பியதைத் தமிழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பாடல்களை முதன்முதலில் பாடியவருக்கே அந்த நிலை என்றால், இருபது வயதுப் பாடகரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. இளையராஜாவின் கோரிக்கையில் நியாயம் இருந்தது. படைத்தவருக்குப் பங்கு சேரவேண்டும் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டே, புதியவர் எளிதில் அனுமதி பெறும் ஒரு வழியைச் சட்டம் வகுக்கவேண்டும்.

இதில் யொஹானியின் பாட்டு ஒரு நல்ல முன்மாதிரி. ‘மெனிக்கே மகே ஹித்தே’ பாட்டை அவர் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020-இல் அதை முதலில் பாடிய சதீஷனே புதிய வடிவத்திலும் உடன் பாடினார். எல்லைகள் கடந்து அது பரவியபோது அசல் கலைஞரும் அதில் இருந்தார். இந்த ஏற்பாடு நம் இசை நிறுவனங்களுக்கும் இயலாததன்று: தங்கள் பாட்டைச் சிறப்பாகப் பாடிய புதியவரைத் தடுப்பதைவிட, அவரை அழைத்து முறையான பதிவாக வெளியிட்டு வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

மகரக்கட்டு

காணொளிகளில் புகழ்பெறும் பாடகர்களில் சிறுவர்களும் சிறுமியரும் பலர். பருவ வயதில் குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் ஆண் குரல் உடைந்து ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழிறங்குவதைத் தமிழ் நாடக உலகம் மகரக்கட்டு என்று அழைத்தது. சிறுவர்களை மட்டுமே கொண்டு நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த சிறுவன் பாட்டுப் பாத்திரங்களை இழப்பது வழக்கமாக இருந்தது. அன்று அந்தச் சிறுவனின் பழைய குரலைக் கேட்டவர்கள் நினைவில் மட்டும் வைத்திருந்தார்கள். இன்று அது காணொளியாக நிலைத்துவிட்டதால், குரல் மாறிய இளைஞனைப் பார்க்க வருபவர்கள் பத்து வயதுக் குரலையே எதிர்பார்க்கிறார்கள். உடையும் பருவத்தில் பழைய சுருதியிலேயே பாடுமாறு வற்புறுத்துவது குரல்நாண்களுக்கு நிலையான கேடு செய்யலாம். சுருதியைக் கட்டை கட்டையாக இறக்கி, மேல் ஸ்தாயியைச் சில காலம் தவிர்த்து, புதிய குரலில் மீண்டும் சரளி வரிசையிலிருந்து பழக்கும் பொறுமை உள்ள ஆசிரியர் அப்போது தேவைப்படுகிறார். வாரந்தோறும் புதிய காணொளி கேட்கும் இணைய வழக்கத்தோடு இந்தப் பொறுமை நேரடியாக மோதுகிறது. அந்த மோதலில் குழந்தையின் பக்கம் நிற்பதற்குப் பெற்றோரைத் தவிர வேறு யாரும் இல்லை.

குரலின் நகல்

கவர் பாடலை முகவரிச் சீட்டாக்கிய அதே தொழில்நுட்பம் இப்போது குரலையே நகலெடுக்கிறது. 2024-இல் வெளியான ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீட்டெடுத்தார். இருவர் குடும்பங்களின் அனுமதியும் பெறப்பட்டு, அவர்களுக்கு உரிய தொகையும் தரப்பட்டதாக அவர் அறிவித்தார். அனுமதியின்றிச் செய்யப்படும் நகல்கள் அதைவிடப் பல மடங்கு. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலை அனுமதியின்றி நகலெடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு வழங்கியது.

அந்தப் பாதுகாப்பு, வழக்குத் தொடுத்தவர் புகழ்பெற்றவர், அவர் குரல் பொதுமக்களால் அடையாளம் காணப்படுவது என்று நிறுவப்பட்டதன் மேல் எழுந்தது. முதல் கவர் பாடலைப் பதிவேற்றும் இளைஞரிடம் அந்தப் புகழ் இன்னும் இல்லை. ஆனால் அவர் குரலோ, பின்னணி வாத்தியங்கள் கலக்காத, தெளிவான, நகலெடுப்பதற்கு மிகவும் ஏற்ற பதிவாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆகவே, புதிய பாடகரோடு ஒப்பந்தம் செய்யும் இசை நிறுவனம், பாடிக்கொடுத்த பாட்டுக்கு மட்டுமே தனக்கு உரிமை உண்டு, குரலைப் பயிற்சித் தரவாக்கும் உரிமை இல்லை என்று எழுத்தில் தரவேண்டும். கன்னட, தமிழ்த் திரையுலகப் பாடகர் சங்கங்கள் இப்படி ஒரு பொது ஒப்பந்த வாசகத்தை உருவாக்கி இரு மொழிகளிலும் வெளியிடுவதற்கு, அடுத்த சட்டத் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியதில்லை.